குப்பை போதவில்லை

எங்கள் கல்யாணத்தன்று, விருந்து நடந்துகொண்டிருந்தபோதே மண்டபத்தின் பின்வாசலுக்குப் போய்க் குப்பைத் தொட்டியை எட்டிப் பார்த்தார் என் கணவர். மாப்பிள்ளையைக் காணோம் என்று தேடிப்போன என் அண்ணன், அவர் கையில் ஒரு குச்சியோடு நிற்பதைப் பார்த்து, “என்ன மாப்பிள்ளை, எதையாவது தொலைச்சிட்டீங்களா?” என்று கேட்டிருக்கிறான்.

“இல்ல மச்சான். தட்டு, தண்ணி பாட்டில், மிச்ச சாப்பாடு, எல்லாத்தையும் ஒரே தொட்டியில போட்டிருக்காங்க,” என்றாராம் இவர், துக்கம் கேட்க வந்தவரிடம் சொல்வது போல.

அண்ணன் திரும்பி வந்து என் காதருகே குனிந்தான். “இன்னும் போட்டோக்காரர் வரல. யோசிக்கிறதுன்னா இப்பவே யோசிச்சுக்க.”

நான் யோசிக்கவில்லை. இருபத்தாறு வருடம் அவரோடு வாழ்ந்தேன்.

நகராட்சியில் அவருக்கு வேலை. ஊர் நடுவே இருக்கும் கண்காட்சித் திடலுக்குக் குப்பை மேற்பார்வையாளர். கண்காட்சி, ஓட்டப்பந்தயம், வேலைவாய்ப்பு முகாம், பொதுக்கூட்டம் என்று வாரத்துக்கு ஒன்றாவது அங்கே நடக்கும். முன்பெல்லாம் கூட்டம் கலைந்ததும் ஒரு லாரி வரும். இருப்பதையெல்லாம் ஒன்றாக வாரிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே கொட்டும். அவர் வந்த பிறகுதான் திடலின் பின்புறம் தகரக் கூரை போட்ட பிரிக்கும் கொட்டகை வந்தது. நடுவில் தகடு அடித்த நீள மேஜை. ஓரத்தில் ஒரு ஆள் ஏறி நிற்கும் அளவுக்கு மேடைத் தராசு. ஒரு குழாய், சத்தம் மட்டும் போடும் ஒரு மின்விசிறி. மேஜையைச் சுற்றி ஆறு பெண்கள். அவர்களில் மூத்தவரை எல்லோரும் பெரியக்கா என்பார்கள். இவருக்கு அவர்கள் வைத்த பெயர் தராசு. முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் தராசு. அது அவருக்குத் தெரியும். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கொட்டகையில் நான்கு தொட்டிகள். சாப்பாட்டு மிச்சத்துக்கு ஒன்று, காகிதம் அட்டைக்கு ஒன்று, பிளாஸ்டிக் தகரம் கண்ணாடிக்கு ஒன்று. நான்காவதில் ‘மற்றவை’ என்று எழுதியிருக்கும். அந்த நான்காவதைக் கண்டாலே அவருக்கு ஆகாது. “மற்றவைன்னா என்ன? எதுன்னு பார்க்கச் சோம்பல்பட்டவன் வச்ச பேரு,” என்பார்.

வீட்டிலும் அதே பாடுதான். யாரோ பரிசாகக் கொடுத்த தேயிலைப் பைகளை ஒரு மாதம் குடித்தோம். டீ குடித்து முடித்ததும் ஒவ்வொரு பையையும் பிரிப்பார். தேயிலை ஒரு பக்கம், காகிதம் ஒரு பக்கம், நூல் ஒரு பக்கம், நூலைப் பிடித்திருக்கும் குட்டிப் பின் ஒரு பக்கம். பின்னை எடுக்க நான் புருவம் திருத்தும் இடுக்கி அவருக்கு வேண்டும்.

“என்னங்க, நாம டீ குடிச்சமா, ஆபரேஷன் பண்ணமா?”

“இந்தப் பின்னு தகரம். அது பாட்டுக்கு மண்ணுல போய்க் கிடக்கணுமா?”

விருந்தாளிகள் எங்கள் வீட்டில் மிட்டாய் சாப்பிட்டால் உறையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். எல்லாம் பயம்தான். என் அண்ணன் மட்டும் பயப்பட மாட்டான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “மாப்பிள்ளை, உள்ள வரலாமா? நான் எந்தத் தொட்டி?” என்று கேட்டுவிட்டுத்தான் வருவான். அவர் சிரிக்காமல், “நீங்க வாங்க மச்சான், உங்களுக்கு இன்னும் தொட்டி கண்டுபிடிக்கல,” என்பார்.

கொட்டகை வந்து நான்காவது வருடம் நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கொட்டகை தேவையா, பழையபடி ஒரே லாரி போதுமா என்று முடிவு செய்ய ஒரு குழு வரும். வீட்டுப் பொருள் கண்காட்சியின் இரண்டாம் நாள், குழுவின் கண்ணெதிரே, குறைந்தது இருநூறு கிலோ குப்பையைப் பிரித்துக் காட்ட வேண்டும். குழுவுக்குத் திருப்தி இல்லையென்றால் கொட்டகை மூடப்படும், ஆறு பெண்களும் தெருக் கூட்டும் வேலைக்கு அனுப்பப்படுவார்கள். மேற்பார்வையாளர் பழைய கோப்புகள் அடுக்கும் அறைக்கு.

கடிதத்தைப் படித்த அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் இருநூறு கிலோ என்ற அளவு அவரை உறுத்தவில்லை. முந்தின வருடம் அதே கண்காட்சியில் ஒரே நாளில் ஆயிரத்து முந்நூறு கிலோ வந்திருந்தது. அவரை உறுத்தியது அந்த ஆயிரத்து முந்நூறுதான். அதே அலுவலகம் அதே மாதம் அனுப்பிய இன்னொரு சுற்றறிக்கை, குப்பையை முடிந்தவரை குறைக்கச் சொன்னது. இரண்டு காகிதத்தையும் ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு, இரண்டையும் அப்படியே செய்வது என்று முடிவு செய்த ஒரே மனிதர் இந்த ஊரில் அவராகத்தான் இருக்கும்.

அடுத்த இரண்டு மாதம் அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. கொட்டகைப் பெண்களையும் கூட்டிக்கொண்டு கடை போடுபவர்கள் ஒவ்வொருவரையும் தேடிப்போய், கொண்டுவரும் அட்டைப் பெட்டியைத் திருப்பி எடுத்துப் போவதாக எழுதி வாங்கினார். டீக்கடைக்காரரிடம் சண்டை போட்டுக் கண்ணாடி டம்ளர் வைக்கச் சொன்னார். சாப்பாட்டுக் கடைக்கு எவர்சில்வர் தட்டுகள். தண்ணீர் பாட்டிலுக்குப் பதிலாகப் பன்னிரண்டு இடத்தில் குழாய் வைத்த டிரம். நோட்டீஸ் அடிக்கக் கூடாது. சொல்ல வேண்டியதை ஒலிபெருக்கியில் சொல்லிக்கொள்ளலாம். வாசல் காவலாளிக்குப் பத்து நாள் பயிற்சி. உள்ளே போய்க் குப்பையாகக்கூடிய எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. பையில் பாட்டிலோ பாக்கெட்டோ இருந்தால் வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டு ஒரு டோக்கன் கொடுக்க வேண்டும்.

கண்காட்சியின் இரண்டாம் நாள் காலை பத்தரை மணிக்கு எனக்கு போன் வந்தது.

“வீட்ல குப்பை எவ்வளவு இருக்கு?” என்றார்.

நான் சமையலறையைச் சுற்றிப் பார்த்தேன். “காலையில உரிச்ச வெங்காயத்தோல் ஒரு கை இருக்கு. அதையும் நீங்க உரத்தொட்டியில போடச் சொல்லியிருக்கீங்க. ஏங்க?”

“இங்க ஒன்பது கிலோதான் வந்திருக்கு.”

“நல்லதுதானே.”

“இருநூறு வேணும். பன்னிரண்டரைக்கு வந்துடுவாங்க.” மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. “அக்கம்பக்கத்துல கொஞ்சம் கேட்டுப் பாரேன்.”

“என்னன்னு கேக்கச் சொல்றீங்க?”

பக்கத்தில் யாரிடமோ இன்னொரு தடவை எடை பார்க்கச் சொன்னார். பிறகு, “இருந்தா தரச்சொல்லு,” என்று வைத்துவிட்டார்.

தன் தேவைக்கு யாரிடமும் ஒரு தீப்பெட்டிகூடக் கேட்காதவர். அந்தக் குரலைக் கேட்டபின் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மாடி வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“உங்க வீட்ல குப்பை இருக்குமா?” என்றேன்.

மாடி வீட்டம்மா கதவைப் பாதி சாத்திக்கொண்டாள். “என்னங்க ஆச்சு? வாசனை வருதா?”

“அதெல்லாம் இல்ல. அவருக்கு ஆபீஸ்ல தேவைப்படுதாம்.”

“ஏன், அங்க இல்லையா?”

“தீர்ந்துபோச்சாம்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு உள்ளே போய் இரண்டு பையைக் கொண்டுவந்தாள். வெளியே துடைத்து, முடிச்சுப் போட்டு, ஒரு பலகாரம் கொடுப்பது போல இரண்டு கையாலும் கொடுத்தாள். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர் ஒரு பை தந்தார். “பத்திரமா பாத்துக்கங்கம்மா, பழைய செருப்பு ஒண்ணு இருக்கு, போடறதா வேணாமான்னு இன்னும் முடிவு பண்ணல,” என்றார். இப்படி மொத்தம் ஆறு பை சேர்ந்தது. எல்லாம் சேர்த்து முப்பது கிலோ தேறாது. இருநூறுக்கு இது எந்த மூலைக்கு என்று தோன்றத்தான் செய்தது. ஆனாலும் வாடகை வண்டி பிடித்து ஏற்றிக்கொண்டு போனேன். வண்டிக்காரர் வழி முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டே, “எல்லாரும் குப்பையை வெளியத்தான் கொண்டுபோவாங்க. நீங்க ஊருக்குள்ள கொண்டுபோறீங்க,” என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

திடல் வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தார்.

“பையில என்னம்மா?”

“குப்பை.”

“குப்பை ஆகக்கூடிய பொருளே உள்ள போகக்கூடாதும்மா. நீங்க குப்பையாவே கொண்டுவந்திருக்கீங்க.”

“உங்க சார்தான் கொண்டுவரச் சொன்னார். நான் அவர் வீட்டுக்காரி.”

“தெரியும்மா. அதனாலதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு. என்னைச் சோதிச்சுப் பார்க்கத்தான் உங்களை அனுப்பியிருப்பாரு. போன வாரம் பெரியக்காவை ஒரு பிஸ்கட் பாக்கெட்டோட அனுப்பினாரு. நான் விட்டனா? விடல.”

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் அவரையே கூப்பிட்டு அனுப்பினோம். வேகமாக வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு பையைப் பிரித்துப் பார்த்தார். காகிதமும் வாழைப்பழத் தோலும் உடைந்த சீப்பும் ஒன்றாகக் கிடந்தன. அவர் முகம் எங்கள் கல்யாண நாள் முகமாக மாறியது.

“இதை உள்ள கொண்டுபோனா, இது நம்ம திடல் குப்பைன்னு எழுதணும்,” என்றார்.

“எழுதுங்களேன். ஆறு பேர் வேலை.”

“அந்த ஆறு பேரும் ரெண்டு மாசமா உழைச்சது ஒன்பது கிலோவுக்கு. இதைச் சேர்த்தா அவங்க உழைச்சது பொய்யாயிடும்.” பையை மறுபடி கட்டினார். முடிச்சு சரியாக விழ இரண்டு தடவை ஆனது. “நான் கேட்டிருக்கக் கூடாது. நீ வெயில்ல அலைஞ்சதுதான் மிச்சம்.”

காவலாளி நிம்மதியாக மூச்சு விட்டார். ஆறு பையையும் வாங்கி அலமாரியில் தண்ணீர் பாட்டில்களுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்துவிட்டு, என்னிடம் ஆறு டோக்கன் கொடுத்தார். நான் வெறுங்கையோடு உள்ளே போனேன்.

குழு சொன்ன நேரத்துக்கு வந்தது. தலைவர், இரண்டு உறுப்பினர்கள், விதிகள் கட்டைச் சுமந்த ஒரு எழுத்தர், ஒரு போட்டோக்காரர். ஐவரும் பின்வாசல் வழியாகக் காரில் வந்ததால் காவலாளியால் அவர்களைச் சோதிக்க முடியவில்லை. கொட்டகையில் ஆறு பெண்களும் புதுக் கையுறை மாட்டிக்கொண்டு வெறும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். தராசு ஒன்பது கிலோ நானூறு கிராம் காட்டியது.

“குப்பை எங்க?” என்றார் தலைவர்.

“இதுதான் சார்.”

“இது சாம்பிள். முழுசு எங்க இருக்கு?”

“முழுசே இதுதான் சார்.”

“இது வரைக்கும் எத்தனை பேர் வந்திருக்காங்க?”

“ஆயிரத்து எழுநூறு பேர் சார்.”

“அவ்வளவு பேரும் உள்ள வந்து என்னதான் பண்ணாங்க?”

“பார்த்துட்டுப் போனாங்க சார்.”

தலைவர் தன் ஆட்களைப் பார்த்தார். அவர்கள் மேஜையைப் பார்த்தார்கள். சரி, இருப்பதைப் பிரித்துக் காட்டுங்கள் என்றார். பெண்கள் தொடங்கினார்கள். நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது. போட்டோக்காரர் அப்போதுதான் கேமரா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை செய்யச் சொன்னார். அதற்குப் பிரித்ததை மறுபடி கலக்க வேண்டும். பெரியக்கா பிரித்துப் போட்ட மூன்று தொட்டிகளையும் பார்த்தபடி நின்றாள்.

“கலக்க எனக்குக் கை வரல சார். வேற யாராவது கலந்து குடுங்க, நான் பிரிக்கிறேன்.”

மற்ற ஐவருக்கும் கை வரவில்லை. இவர் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். கடைசியில் ஒரு உறுப்பினரே கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு வந்து ஒன்பது கிலோவையும் கலந்தார். நன்றாகவே கலந்தார். பெரியக்கா என் பக்கம் சாய்ந்து, “பழக்கப்பட்ட கை போல இருக்கு,” என்றாள்.

இரண்டாம் முறை பிரித்து முடிக்கும்போது மதியம் ஒன்றரை. குழுவின் சாப்பாடு காரிலிருந்து வந்தது. ஐந்து பெரிய பெட்டி. ஒவ்வொன்றுக்குள்ளும் ஆறு சின்னப் பெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி, ஒரு கரண்டி, கரண்டிக்கு ஒரு உறை, ஒரு தண்ணீர் பாட்டில். அவர்கள் சாப்பிட்டு எழுந்து, எங்கே போடுவது என்று கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். இவர் மரியாதையாக முன்னால் போய் ஒவ்வொன்றாக வாங்கி, பெண்களிடம் கொடுத்து, பிரிக்கச் சொல்லி, தராசில் ஏற்றினார். பதினொன்றரை கிலோ.

“ஏறியிருக்கு,” என்றார் தலைவர், கொஞ்சம் நம்பிக்கையோடு.

“ஆமா சார். ரெண்டு கிலோ நூறு, நீங்க அஞ்சு பேர்.”

எழுத்தர் இருமினார். தலைவர் படிவத்தைக் கேட்டார். நீளமான படிவம். கழிவின் எடை கேட்ட முதல் கட்டத்திலேயே பேனா நின்றுவிட்டது. எழுத்தர் விதிகள் கட்டைப் புரட்டி, தலைவரிடம் காட்டி, பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்: இருநூறு கிலோவுக்குக் குறைவாகக் கழிவு உண்டாகும் கூட்டம், பொது நிகழ்ச்சியாகக் கருதப்படாது.

வெளியே ஒலிபெருக்கியில், காணாமல் போன ஒரு குழந்தை அலுவலக அறையில் இருப்பதாகவும் பெற்றோர் வந்து அழைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“அப்போ இங்க நிகழ்ச்சி எதுவும் நடக்கல,” என்றார் தலைவர்.

“நடந்துக்கிட்டு இருக்கு சார். சத்தம் கேக்குதே.”

“சத்தத்துக்குக் கட்டம் இல்லையே. கிலோவுக்குத்தான் இருக்கு.”

இவர் ஒரு கையை மேஜையில் ஊன்றிக்கொண்டார். யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தேன். “சார், எனக்குப் படிவம் தெரியாது. இந்தக் கொட்டகை இருக்குமா, இருக்காதா? அதை மட்டும் சொல்லுங்க. இவங்க ஆறு பேரும் காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல.”

தலைவர் கெட்ட மனிதர் இல்லை. எழுத்தரோடு கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேசிவிட்டு வந்தார். “நடக்காத நிகழ்ச்சியில ஆய்வு நடந்ததா எழுத முடியாது. ஆய்வே நடக்காம மூடச் சொல்லவும் முடியாது. அதனால இதை நிலுவையில வைக்கிறோம். அடுத்த நிகழ்ச்சியில பார்த்துக்கலாம்.”

“நிலுவைன்னா கொட்டகை இருக்கும்தானே சார்?”

“முடிவு ஆகுற வரைக்கும் இருக்கும்.”

காரில் ஏறும்போது எழுத்தர் மட்டும் பின்தங்கி, கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். “சார், நான் சொன்னதா இருக்க வேணாம். அடுத்த தடவையும் இருநூறு தாண்டாம பாத்துக்கங்க.”

மாலை டோக்கனைக் கொடுத்து ஆறு பையையும் மீட்டுக்கொண்டு வீடு வந்து அவரவர் வாசலில் சேர்த்தேன். தபால்காரர் செருப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொண்டார். மாடி வீட்டம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. “ஏன் திருப்பிட்டாங்க? எங்க குப்பைக்கு என்ன குறை?” என்றாள். இரண்டு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதன்பிறகு பதினொரு வருடம். திடலில் எத்தனையோ கூட்டம், எத்தனையோ ஆயிரம் பேர். நகராட்சிக் கணக்குப்படி அங்கே எதுவுமே நடக்கவில்லை. குழு மூன்று முறை வந்து, நடக்காத நிகழ்ச்சிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முந்தின வாரம் இவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அலைவார். ஒருமுறை ஓட்டப்பந்தயத்தில் யாரோ தாராளமாகப் பன் வாங்கிக் குவித்துவிட, சாயங்காலம் தராசு இருநூற்று மூன்றில் நின்றது. குழு அரைமணியில் வரும் என்றார்கள். தொடாத பன் அறுபது, உறைகூட இல்லாமல் கூடையில் இருந்தது. இவர், ஆறு பெண்கள், காவலாளி, நான், அன்று சும்மா பார்க்க வந்த என் அண்ணன். ஆளுக்கு ஆறு பன். ஐந்தாவது பன்னில் அண்ணன், “மாப்பிள்ளை, எனக்குத் தொட்டி கண்டுபிடிச்சிட்டீங்க, நானேதான் அது,” என்றான். தராசு நூற்றுத் தொண்ணூற்றொன்பதரைக்கு இறங்கியது. பெரியக்கா மேஜையில் தலைவைத்துச் சிரித்தாள். இவரும் சிரித்தார், தண்ணீர் குடிக்க முடியாமல்.

போன வருடம் அவர் இறந்தார். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவரை எடுத்த அன்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் டீ குடித்தார்கள், உட்கார்ந்தார்கள், போனார்கள். சாயங்காலம் பார்த்தபோது கொட்டகைப் பெண்கள் ஆறு பேரும் பின்கட்டில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்கள். மாலைகளை நார் தனி, பூ தனி என்று பிரித்து வைத்திருந்தார்கள். பெரியக்கா என் முன்னால் வந்து நின்று, சொல்லலாமா வேண்டாமா என்று புடவைத் தலைப்பைத் திருகினாள்.

“எவ்வளவு?” என்றேன்.

“பதினாலு கிலோம்மா. பூவே பன்னிரண்டு. மற்றவையில ஒண்ணும் இல்ல.”

ஒரு மாதம் கழித்து, அவர் இடத்துக்கு யாரை அனுப்பப் போகிறார்கள் என்று கேட்க பெரியக்காவோடு நகராட்சிக்குப் போனேன். அந்த எழுத்தர் இன்னும் அங்கேதான் இருந்தார். கோப்பை எடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் தூக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் படித்தார். கொட்டகை இருக்கிறதா இல்லையா என்பது நிலுவையில் இருப்பதால், அதன் மேற்பார்வையாளர் இடம் காலியாக இருப்பதாகவும் எழுத முடியாது என்றார். காலி என்று எழுதாமல் ஆளைப் போட முடியாது. சம்பளப் பிரிவுக்கு அவர் இல்லை என்பது தெரியும். கொட்டகைக் கோப்புக்குத் தெரியாது.

“அப்போ அவர் பேரு?” என்றேன்.

“அப்படியேதாம்மா இருக்கும். ஆய்வு முடியிற வரைக்கும்.”

பெரியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். படியிறங்கும்வரை விடவில்லை.

இப்போது கூட்டம் நடக்கும் நாட்களில் நானும் காலையிலேயே திடலுக்குப் போய்விடுகிறேன். காவலாளிக்கு வயதாகிவிட்டது, எல்லாப் பையையும் அவரால் பார்க்க முடிவதில்லை. வரிசையின் ஒரு பாதியை நான் பார்த்துக்கொள்கிறேன். போன மாதக் கண்காட்சியில் ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் தர மாட்டேன் என்று ரொம்ப நேரம் வாதாடினார்.

“ஒரே ஒரு பாட்டில்தானேம்மா. இதனால என்ன ஆயிடப்போகுது?”

“இருபது கிராம் இருக்கும்,” என்றேன். “குடுங்க, டோக்கன் தரேன்.”